பாஸ்புக்கிலிருந்து இங்கிலீஷ் படிப்போம்



"எங்களுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுங்க" என்று ஐயம்பேட்டைக் குழுக்களில் அடிக்கடி கேட்கிறீர்கள். தாராளமாகச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் 26 எழுத்தையும் வரிசையாக எழுதிப் பழகி, அப்புறம் ஆப்பிள், பால், கேட் என்று போனால் பாதியிலேயே அலுத்துவிடும். தார் சுற்றி, சமையல் முடித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காருகிற நமக்கு அவ்வளவு பொறுமை ஏது? அதனால் நம்ம காசு எந்தக் காகிதத்தில் இருக்கிறதோ, அந்தக் காகிதத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

இந்த வயசில் வருமா என்று தயங்க வேண்டாம். 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள்கூட எழுதப் படிக்கக் கற்றார்கள். கூடவே சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள்!

சரி, பாஸ்புக்கை எடுங்கள். மேலே கட்டம் கட்டமாகத் தலைப்பு இருக்கும். டெபாசிட் என்றால் போட்டது. வித்ட்ராயல் என்றால் எடுத்தது. பேலன்ஸ் என்றால் மீதி. சில பாஸ்புக்கில் இவற்றுக்குப் பதில் சி.ஆர்., டி.ஆர். என்று இரண்டிரண்டு எழுத்து மட்டும் இருக்கும். 'சி' பிறை நிலா மாதிரி இருக்கும்; அது கிரெடிட், அதாவது வரவு. 'டி' நாண் ஏற்றின வில் மாதிரி, ஒரு நேர்கோடும் ஒரு வயிறும். அது டெபிட், அதாவது பற்று. பிறை வந்தால் பணம் வந்தது, வில் வந்தால் பணம் போனது. செல்போனுக்கு வரும் வங்கிச் செய்தியிலும் இதே இரண்டு வார்த்தைதான்: கிரெடிட்டட், டெபிட்டட்.

இப்போது மே கடைசி, ஜூன் மாத வரிகளைத் தேடுங்கள். 436 ரூபாய் ஒன்று, 20 ரூபாய் ஒன்று கழிந்திருக்கிறதா? "பேங்க்காரங்க எதுக்கோ பிடிச்சுட்டாங்க" என்று பல பேர் விட்டுவிடுகிறோம். இது எதுக்கோ பிடித்த பணமில்லை, காப்பீடு. பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி, அடுத்தடுத்து இரண்டு கொக்கி இருந்தால் அது 'ஜே, ஜே'. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு, வருஷத்துக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். கொக்கி இல்லாமல், பாம்பு நெளிகிற மாதிரி 'எஸ்' இருந்தால் அது சுரக்ஷா என்கிற விபத்துக் காப்பீடு, வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். எல்லா வங்கியும் ஒரே மாதிரி அச்சடிப்பதில்லை, ஆகவே தொகையையும் சேர்த்துப் பாருங்கள். முதல் வருஷம் நடுவில் சேர்ந்திருந்தால் 436-க்குக் குறைவாகவும் இருக்கலாம்.

நாம் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. காப்பீடு இருப்பது வீட்டுக்குத் தெரியாவிட்டால், போனவர் போன பிறகு யார் போய்க் கேட்பார்கள்? கட்டின பணம் கட்டினதாகவே கிடக்கும். பிடித்தம் செய்கிற நேரத்தில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடும் நின்றுபோகும். இன்னொரு விஷயம், இரண்டு வங்கிக் கணக்கில் இரண்டு தடவை பிடித்தாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான். அப்படி இருந்தால் ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள்.

கவுண்ட்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். அந்த வரியில் விரலை வைத்து, "வாட் இஸ் திஸ் டெபிட்?" என்று கேளுங்கள். நாலே வார்த்தை. வேகமாகப் பதில் சொன்னால், "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி." தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், அதுதான் நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். பாரம், சலான் எல்லாம் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி சொன்ன விதி. ஆகவே "தமிழ் ஃபார்ம் ப்ளீஸ்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இங்கிலீஷ் படிக்கிறோம் என்பதற்காகத் தமிழில் கிடைக்க வேண்டியதை விட்டுவிட முடியுமா?

அடுத்து, நம்ம தொழிலுக்கு வருவோம். சேலை லேபிளில் 'ஆர்ட் சில்க்' என்று போட்டிருந்தால் என்ன நினைப்பீர்கள்? ஆர்ட் என்றால் கலை, ஆகவே கலைநயமுள்ள பட்டு என்றா? இல்லவே இல்லை! ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம் அது. செயற்கை இழை. நம்ம பட்டு 'ப்யூர் சில்க்'. இந்த ஒரு வார்த்தையில் எத்தனை பேர் ஏமாறுகிறார்கள்! சில்க் மார்க் என்ற முத்திரை மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்தது. இழை சுத்தப் பட்டு என்பதற்குத்தான் அது உறுதி. ஜரிகைக்கு அது உறுதி சொல்லாது. ஜரிகையைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் தறி பார்க்க வந்தால் பேச இது போதும்: "திஸ் இஸ் ஹேண்ட்லூம். ப்யூர் சில்க். இட் டேக்ஸ் ஃபிஃப்டீன் டேஸ்." இது கைத்தறி, சுத்தப் பட்டு, பதினைந்து நாள் ஆகும் என்று அர்த்தம். கோர்வைக்கு இங்கிலீஷ் வார்த்தை தேடி அலைய வேண்டாம். கோர்வை என்றே சொல்லுங்கள், வேண்டியவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

விலை சொல்லும்போது மட்டும் உஷார். ஃபிஃப்டீன் என்றால் 15, ஃபிஃப்டி என்றால் 50. தர்ட்டீன் 13, தர்ட்டி 30. கடைசியில் 'ஈன்' என்று இழுத்து முடிவது பத்துச் சொச்சம், 'டி' என்று வெட்டி முடிவது பெரிய எண். காதில் சரியாக விழாவிட்டால், "ப்ளீஸ் ரைட் இட்" என்று காகிதத்தை நீட்டுங்கள். நாமும் எழுதியே காட்டலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லோரும் வரவு செலவு பதிந்த பாஸ்புக்கோடு வாருங்கள். பக்கத்தில் இருப்பவர் பாஸ்புக்கில் கொக்கியையும் பாம்பையும் நீங்கள் தேடுங்கள், உங்களுடையதை அவர் தேடட்டும். ஜீவன் ஜோதியில் சேர 18 முதல் 50 வயது, சுரக்ஷாவுக்கு 18 முதல் 70 வயது. வயது இருந்தும் வரி இல்லாதவர்கள் பெயரை ஊக்குநர் தனியாக எழுதி வைக்கட்டும். சேர விருப்பமுள்ளவர்கள் ஒரு நாள் குறித்து, ஒன்றாகவே வங்கிக்குப் போய் வரலாம்.