பங்கு வியாபாரத்தில் ஜெயிப்பது திறமையா, அதிர்ஷ்டமா? எக்ஸெல்லில் கண்டுபிடிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் வந்த பிறகு பலருக்கு வரும் ஆசைகளில் ஒன்று ஆன்லைனில் பங்கு வாங்கி விற்பது. முதல் பத்து நாட்களில் இரண்டாயிரம் ரூபாய் கிடைத்துவிட்டால் போதும், "நமக்கு இது வருகிறது" என்று முடிவு கட்டி, சீட்டு எடுத்த பணத்தையும் கொண்டு வந்து போட்டு விடுகிறார்கள். உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்க உங்கள் கம்ப்யூட்டரிலேயே வழி இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் செய்யப் போகிறோம்.

2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்றவர்களில் 10 பேரில் 7 பேர் நஷ்டம் அடைந்தார்கள். நஷ்டம் அடைந்தவர்கள் லாபம் பார்த்தவர்களைவிடச் சராசரியாக அதிக தடவை வாங்கி விற்றிருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். எதிர்கால வணிகத்திலும் ஆப்ஷனிலும் நிலைமை இன்னும் மோசம். 2024 செப்டம்பர் ஆய்வில், அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள்.

முதலில் ஒரு விளையாட்டு. எக்ஸெல்லில் புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து ஏ1 செல்லில் இதை டைப் செய்யுங்கள்:

=இஃப்(ரேண்ட்()<0.5,1,-1)

(செல் பெயர்களையும் ஃபங்ஷன் பெயர்களையும் இங்கே தமிழில் தந்திருக்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.)

என்டர் தட்டியதும் 1 அல்லது -1 வரும். காசைச் சுண்டி விடுவது போலத்தான் இது. செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து ஏ100 வரை இழுத்து விடுங்கள். சி1 செல்லில் =சம்(ஏ1:ஏ100) என்று கொடுங்கள். இப்போது எஃப்9 கீயை அழுத்த அழுத்த விடை மாறும். (லேப்டாப் என்றால் சிலவற்றில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.)

ஒவ்வொரு முறையும் விடை பூஜ்யத்தின் பக்கத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது 10 அல்லது அதற்கு மேல், லாபமாகவோ நஷ்டமாகவோ வரும். இருபது தடவை அழுத்தினால் பெரும்பாலும் ஒரு தடவை 20-ஐத் தொட்டுவிடும். ஒன்றுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் அது 2,000 ரூபாய். காசுக்குப் பங்குச் சந்தை தெரியாது. பத்து நாள் லாபத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து உங்கள் சொந்தக் கணக்கு. இன்னொரு ஒர்க்‌ஷீட்டில் முதல் வரிசையில் ஏ-யிலிருந்து ஐ வரை இந்தத் தலைப்புகளைக் கொடுங்கள்: தேதி, பங்கு, காரணம், வாங்கிய விலை, விற்ற விலை, எண்ணிக்கை, செலவு, நிகரம், விதிப்படியா. நிகரத்துக்கு எச்2 செல்லில்

=(இ2-டி2)*எஃப்2-ஜி2

என்று கொடுத்து, 101-ஆம் வரிசை வரை இழுத்து விடுங்கள். நூறு வியாபாரத்துக்கு இடம் தயார்.

காரணம் என்ற பத்தியை வாங்குவதற்கு முன்பே நிரப்ப வேண்டும். விற்ற பிறகு எழுதினால் மனசு நமக்குச் சாதகமாகக் கதை கட்டிவிடும். நானும் ஆரம்பத்தில் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால் ஜெயித்தவை மட்டுமே இருந்தன. தோற்ற நாட்களில் பேனாவையே எடுக்கவில்லை!

செலவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கி, அன்றே ஏறக்குறைய அதே விலைக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். இப்போதுள்ள விகிதப்படி விற்பனைக்கு 0.025 சதவீத பங்கு பரிவர்த்தனை வரி 25 ரூபாய், வாங்கியதற்கு முத்திரைக் கட்டணம் 3 ரூபாய், சந்தைக் கட்டணம் சுமார் 6 ரூபாய். புரோக்கர் ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கினால் 40 ரூபாய். இதற்கும் சந்தைக் கட்டணத்துக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 8 ரூபாய். மொத்தம் 82 ரூபாய். புரோக்கர் இ-மெயிலில் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் இவை எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து ஜி பத்தியில் டைப் செய்யுங்கள்.

இந்த 82 ரூபாய் என்ன செய்யும் என்று பாருங்கள். ஒருவர் நூறில் 70 தடவை ஜெயிக்கிறார், சராசரி லாபம் 300 ரூபாய். தோற்ற 30 தடவையும் சராசரி 800 ரூபாய் போகிறது. வரவு 21,000, இழப்பு 24,000. இன்னொருவர் 40 தடவைதான் ஜெயிக்கிறார், ஆனால் சராசரி லாபம் 900. தோற்ற 60 தடவையில் சராசரி இழப்பு 400. வரவு 36,000, இழப்பு 24,000, மிச்சம் 12,000. ஒரு வியாபாரத்துக்கு 120 ரூபாய். அதில் செலவு 82 போக நிற்பது 38 ரூபாய்தான். திறமைசாலிக்கே இவ்வளவுதான் மிஞ்சுகிறது. அடிக்கடி ஜெயிப்பவர்தான் கெட்டிக்காரர் என்ற எண்ணமும் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

உங்கள் தாளில் இதைப் பார்க்க =ஆவரேஜ்(எச்2:எச்101) போதும். ஜெயித்த எண்ணிக்கைக்கு =கவுன்ட்இஃப்(எச்2:எச்101,">0"), சராசரி லாபத்துக்கு =ஆவரேஜ்இஃப்(எச்2:எச்101,">0"). நூறு பதிவு சேரும் வரை குறைந்த எண்ணிக்கையிலேயே வாங்கி விற்றுப் பழகுங்கள். நூறு முடிந்தும், நீங்கள் பார்த்த காசு விளையாட்டை மனதில் வைத்துக் கொண்டே விடையைப் படியுங்கள்.

ஐ பத்தியில், நீங்களே வகுத்த விதிப்படி செய்திருந்தால் ஒய் என்றும், மீறியிருந்தால் என் என்றும் ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடுங்கள். பிறகு =சம்இஃப்(ஐ2:ஐ101,"என்",எச்2:எச்101) என்று கொடுத்தால் விதியை மீறியதால் வந்த மொத்தம் தெரியும். திறமையை வளர்க்க உதவுவது இந்த ஒரு விடைதான் என்பேன். விதிப்படி செய்தவை லாபம், மீறியவை நஷ்டம் என்று வந்தால் புதிய உத்தி எதையும் தேட வேண்டாம். பழைய விதியைக் கடைப்பிடித்தால் போதும்.

வந்த திறமை அப்படியே தங்கிவிடாது. மெக்லீன், பான்டிஃப் என்ற இரு பேராசிரியர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கு லாபத்தை முன்கூட்டிச் சொல்வதாக ஆய்வேடுகளில் வந்த 97 முறைகளைச் சோதித்தார்கள். அவை வெளியான பிறகு அவற்றின் லாபம் சராசரியாக 58 சதவீதம் குறைந்திருந்தது. விதிமுறை மாறினாலும் இதே கதிதான். செபியின் 2024 அக்டோபர் உத்தரவால் அந்த நவம்பரோடு பேங்க் நிஃப்டியின் வாராந்தர ஆப்ஷன் நின்று போனது. அதை மட்டுமே பழகி வைத்திருந்தவர்களின் வழி ஒரே மாதத்தில் அடைபட்டது.

நம் முறை தேய்கிறதா என்று பார்க்க, ஜே31 செல்லில் =ஆவரேஜ்(எச்2:எச்31) என்று கொடுத்துக் கீழே இழுத்து விடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கடைசி 30 வியாபாரத்தின் சராசரி வரும். அந்தப் பத்தியைத் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட்டை க்ளிக் செய்தால் கோடு தோன்றும். ஒன்றிரண்டு சரிவுக்குப் பயப்பட வேண்டாம், அது காசு விளையாட்டிலும் வரும். பூஜ்யத்துக்குக் கீழேயே கோடு நீண்ட நாள் கிடந்தால் வாங்கும் அளவைப் பாதியாக்குங்கள். காரணம் பத்தியைப் படித்து, எந்தக் காரணம் இப்போது பலிக்கவில்லை என்று பாருங்கள்.

எக்ஸெல் இல்லாதவர்கள் லிபர்ஆஃபிஸ் கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோடு செய்து கொள்ளலாம். மேலே சொன்ன ஃபார்முலாக்கள் அதிலும் வேலை செய்யும். காசு விளையாட்டுக்கு மட்டும் எஃப்9-க்குப் பதில் கன்ட்ரோல், ஷிஃப்ட் கீகளோடு எஃப்9 அழுத்திப் பாருங்கள். ஃபைலை வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். உங்கள் டிரேடிங் பாஸ்வேர்டை மட்டும் அந்த ஃபைலில் எழுதி வைக்காதீர்கள்.