கம்ப்யூட்டர் வேலையும் பதினான்கு வேகங்களும்

"டாக்டர், ஆறு மாசத்துல இது மூணாவது தடவை. நீர்க்கடுப்பு வருது. மாத்திரை சாப்பிட்டா போகுது, திரும்ப வந்துடுது."

சொன்னவர் 28 வயதுப் பெண். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை. நல்ல சம்பளம், வாசலுக்கே வரும் கேப், பெரிய கேன்டீன்.

நெருஞ்சில் குடிநீர் எழுதிக் கொடுத்து, "காலை, மாலை வெறும் வயித்துல குடிங்கம்மா" என்று அனுப்பினேன். மூன்று வாரத்தில் அதே தொந்தரவோடு திரும்பி வந்தார்.

"ஒழுங்கா குடிச்சீங்களா?"

"நான் தூங்கி எழுந்திருக்கிறதே மத்தியானம் மூணு மணிக்கு டாக்டர். எனக்கு எது காலை, எது மாலை?"

தவறு என்னுடையதுதான். நாடி பார்த்தேனே தவிர, அவருடைய நாள் எப்போது தொடங்குகிறது என்று கேட்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றுதான் முழுதாக விசாரித்தேன்.

அவருடைய ஒரு நாள்

வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 7.30, அங்கே குளிர்காலமானால் 8.30. அவர்கள் வேலைக்கு வந்த பிறகுதான் இங்கே மீட்டிங் தொடங்கும்.

"ஹெட்போனை மாட்டினா ரெண்டு, ரெண்டரை மணி நேரம் எழுந்திருக்க முடியாது. எப்ப என்னைக் கேள்வி கேப்பாங்கன்னு தெரியாது. பாத்ரூம் போகணும்னு சொல்லவும் கூச்சம். அதனால தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டேன்."

பசித்தால் பிஸ்கட். தூக்கம் வந்தால் காபி. அப்ரைசலில் மதிப்பெண் குறைந்த அன்று அழுகை வந்ததாம். "சுத்தி எல்லாரும் இருக்காங்க, எங்க டாக்டர் அழறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேகங்கள் என்றால் என்ன?

உடல் தானாக எழுப்பும் உந்துதல்களுக்குச் சித்த மருத்துவத்தில் வேகங்கள் என்று பெயர். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம் என அவை பதினான்கு. இவற்றை அடக்கினால் வாதம் கெட்டு நோய் பிறக்கும் என்பது பாடம். சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, எரிச்சல். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவத்தல்.

அந்தப் பெண் சிறுநீர், தாகம், பசி, தூக்கம், கண்ணீர் என ஐந்தை அடக்கிக்கொண்டிருந்தார். கல்லூரியில் பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த பட்டியலில் பாதி எதிரே உட்கார்ந்திருந்தது.

இன்றைய மருத்துவமும் இதை ஒப்புக்கொள்கிறது. சிறுநீர் வெளியேறும்போது கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகிறது. குடிக்கும் தண்ணீரும் குறைந்து, நீரும் தேங்கினால் கிருமி பெருக இடம் கிடைக்கிறது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் தெரிவித்தன.

என்ன செய்யலாம்?

* மேஜையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். சிறுநீர் வரும் உணர்வு எழுந்ததும் போய்விடுங்கள். மீட்டிங் காத்திருக்கும்.

* மருந்தை உங்கள் விழிப்பு நேரத்துக்கு மாற்றித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

* பகல் உறக்கம் கூடாது என்பது இரவில் தூங்கியவருக்குச் சொன்ன விதி. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இருட்டறையில், தினமும் ஒரே நேரத்தில் தூங்குங்கள்.

* எண்ணெய்க் குளியலை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று பகலில் தூங்கக் கூடாது.

* காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் குடிநீரை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தார். கடுப்பு இல்லை. கூச்சத்தை விட்டு மேனேஜரிடம் சொல்லி, மீட்டிங் நடுவே பத்து நிமிஷம் இடைவேளை வாங்கியிருக்கிறார்.

"முதல் நாள் இடைவேளை விட்டதும் எல்லாருமே எழுந்து ஓடினாங்க டாக்டர். எல்லாருக்கும் இருந்திருக்கு. யாரும் வாயைத் திறக்கல."