கெண்டைக்கால் இறுகினால் நடையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பல வருடமாகச் சீனி வருத்தம். மெட்ஃபோமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறார். வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்வருவதற்குள் கெண்டைக்கால் இறுகி இரண்டு, மூன்று இடத்தில் நிற்பார். ஸ்கான் எடுத்துவிட்டுக் காலுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்றார்கள். வாரம் ஒரு ஊசி போட்டால் நன்றாக நடக்கலாமாம், லண்டனிலிருந்து கொண்டுவருகிறேன் என்கிறார் அண்ணா. கொட்டாஞ்சேனை மாமியோ, சீனிக் குளிசை ஒன்றால் காலைக் கழற்ற வேண்டி வரும் என்கிறார். பயத்தில் அப்பா வெளியே போவதையே விட்டுவிட்டார்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அண்ணா சொல்வது உண்மைதான். அது செமாக்ளூடைட் ஊசி. சீனி வருத்தமும் நடந்தால் கால்வலியும் உள்ள 792 பேரிடம், 20 நாடுகளில் நடந்த ஸ்ட்ரைட் ஆய்வு 2025இல் லான்செட் இதழில் வெளிவந்தது. வாரம் 1 மில்லிகிராம் வீதம் ஒரு வருடம் போட்டவர்கள், மருந்தில்லாத ஊசி போட்டவர்களைவிடச் சுமார் 26 மீற்றர் கூடுதலாக நடந்தார்கள். இதைக் குறைவாக எண்ண வேண்டாம். ஏற்றமாகச் சாய்த்த நடைப்பொறியில் அளந்த தூரம் அது. ஆரம்பத்தில் அவர்களால் நடக்க முடிந்ததே 185 மீற்றரளவுதான். உடல் பருமன் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது.

ஆனாலும் வைத்தியரிடம் காட்டாமல் அண்ணா கொண்டுவரும் ஊசியைப் போடாதீர்கள். கிளிக்லசைட்டோடு சேர்ந்தால் சீனி மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். அந்தக் குளிசையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சீனி வேகமாகக் குறையும்போது விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம் என்பதால் கண்ணையும் முதலில் காட்டுங்கள். போலிச் செமாக்ளூடைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024இல் எச்சரித்தது.

மாமியின் பயத்துக்கும் காரணம் உண்டு. கனாக்ளிஃபுளோசின் என்ற சீனிக் குளிசையை எடுத்தவர்களிடையே கால், விரல் அகற்றல்கள் ஏறக்குறைய இரு மடங்கு என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கா அப்போது விதித்த கடும் எச்சரிக்கையை 2020இல் தளர்த்தியது. அப்பா எடுக்கும் இரண்டு குளிசைகளும் அந்த வகை அல்ல.

எனக்குப் பெரிய கவலை, அப்பா நடையை விட்டதுதான். இந்த வலி தசைக்கு இரத்தம் போதாததால் வருவது. நடப்பதால் கால் பழுதாகாது. வலி நன்றாகப் பிடிக்கும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். ஓய்வோடு சேர்த்து ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். இதனால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் அந்த ஊசி தருவதைவிட அதிகம். நெஞ்சு நோவு உண்டென்றால் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். வெயில் ஏறுமுன் மரைன் டிரைவ் பக்கம் கூட்டிப்போங்கள், சப்பாத்தும் மேசும் போட்டு. கோயிலில் சுடுகல்லில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். இரவில் பாதங்களை நீங்களே பாருங்கள். புகைப்பவரென்றால் அதை விட்டே ஆக வேண்டும். கொலஸ்ட்ரோல் குளிசையும், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளிசையும் தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, ஆறாத புண் வந்தாலோ, விரல் கறுத்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை இருக்காதீர்கள். அன்றைக்கே தேசிய வைத்தியசாலைக்கோ களுபோவிலைக்கோ கொண்டுபோங்கள்.