பேருந்தில் போய்ச் சேரும் காடுகள்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் நேரம் இருக்கிறது, வாகனம்தான் இருப்பதில்லை. மலையேறும் வழிகளைப் பற்றிய குறிப்புகளை எடுத்துப் பார்த்தால் முதல் வரியே காரை எங்கே நிறுத்துவது என்பதாக இருக்கும். பேருந்து நிறுத்தத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஈப்போவில் வளர்ந்த நான் கடந்த மூன்று விடுமுறைகளிலும் பொதுப் பேருந்தை மட்டுமே நம்பிச் சில காட்டுப் பாதைகளில் நடந்தேன். அதில் கற்றுக் கொண்டதைச் சக மாணவர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். உடற்பயிற்சியைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தது. இடையில் பாட்டி புகுந்துவிட்டார்.

முதலில் கிலேடாங் மலை. ஈப்போவின் மேற்கே மெங்லெம்பு என்னும் சிற்றூரை ஒட்டி 808 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது. உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்களை நகரின் பல இடங்களிலிருந்து பார்க்கலாம். ஈப்போவைச் சுற்றியுள்ள செங்குத்தான வெள்ளைக் குன்றுகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. கிலேடாங் அப்படியன்று, அது கருங்கல் மலை. கிந்தா பள்ளத்தாக்கை உலகறியச் செய்த ஈயம் இத்தகைய கருங்கல்லோடு உருவாகி, மழையில் அரித்து வந்து, அடிவார மண்ணில் படிந்ததுதான். மேடான் கிட் நிலையத்தில் மெங்லெம்பு வழியாகப் போகும் பேருந்தில் ஏறி, கடைத்தெருவில் இறங்கி நடந்தால் அடிவாரம் வந்துவிடும். உச்சி வரை தார்ச்சாலை உண்டு. அதை விட்டு விலகிக் காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. முதன்முறை போகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்காமல் இருப்பது நல்லது.

பேருந்தில் போகிறவர் மலையைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது. இன்றைய அளவில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். அதோடு ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் இன்னொரு மணி நேரம். ஆகவே 5 கிலோமீட்டர் தூரத்தில் 600 மீட்டர் ஏற வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம். நம் நாட்டு வெயிலுக்கு அதில் பாதியை மேலும் கூட்டிக் கொள்ளுங்கள். அவர் ஸ்காட்லாந்துக் குளிரில் நடந்தவர். மழையைப் பொறுத்தவரை, காலையில் வெயிலில் சூடான காற்று மேலெழுந்து பிற்பகலில் இடியோடு கொட்டுவதே இங்கே வழக்கம். எனவே முதல் பேருந்தில் போய், மதியத்திற்குள் அடிவாரம் திரும்பிவிட வேண்டும். மாலை ஏழு மணிக்குமேல்தானே சூரியன் மறைகிறது என்று எண்ணக்கூடாது. மரங்களுக்கடியில் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும்.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. முதல் பயணத்தில் நானும் இரு நண்பர்களும் உச்சியில் படம் பிடித்துக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிட்டோம். மெங்லெம்புக்கு நனைந்து வந்து சேர்ந்தபோது பேருந்து போய்விட்டது. அடுத்தது எப்போது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. கச்சானுக்குப் பேர்போன ஊர் அது. ஒரு பொட்டலம் வாங்கி மூவரும் தின்று தீர்த்தோம். பேருந்து வரவில்லை. அன்று முதல் போகும் பேருந்தின் நேரத்தைவிடத் திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் எழுதிக் கொள்கிறேன். அதையும் ஓட்டுநரிடம் நேரில் கேட்டுத்தான்.

தைப்பிங் செல்வோர் லாருட் மலையைப் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்து மேக்ஸ்வெல் மலை இதுதான். ஏரிப் பூங்காவைத் தாண்டியதும் மலைச்சாலை தொடங்கிவிடுகிறது. ஆனால் தைப்பிங் பெருமழைக்குப் பெயர் பெற்றது. மண்சரிவால் சாலை மூடப்படுவதும் உண்டு. விசாரிக்காமல் போக வேண்டாம். கோர்பு போன்ற 2,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களுக்கு வனத்துறை அனுமதி தேவை. அவை இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டவை.

இனி பாட்டியின் கதைக்கு வருகிறேன்.

பேராக்கின் மலையடிவாரங்களில் நடக்கும்போது காட்டு மரங்களுக்கிடையே சில இடங்களில் பழைய ரப்பர் மரங்கள் தென்படும். கைவிடப்பட்ட தோட்டத்தைக் காடு மெல்ல விழுங்கிய இடங்கள் அவை. தமிழ்ப்பள்ளியில் எனக்குக் குறிஞ்சி, முல்லை என்று நிலம் பிரிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். இடைநிலைப்பள்ளியில் மெராந்தி, செங்கால் என்று மரப்பெயர்களை மலாயில் படித்தேன். ரப்பர் மரத்தைப் பற்றி இரண்டு பள்ளிகளிலும் படித்தது ஒரே செய்திதான்: 1877இல் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. (அவற்றுள் ஒன்றெனக் கருதப்படும் மரம் அந்நகரில் நிற்கிறது, ஈப்போவிலிருந்து பேருந்திலேயே போய்ப் பார்க்கலாம்.) நான் படம் பிடித்து வந்த ரப்பர் மரம் ஒன்றைப் பாட்டியிடம் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது புது ஆள் வெட்டுன மரம்யா. பாரு, எத்தன காயம்."

பட்டையைச் சீவும் உளி மரத்தின் உள்ளே வளரும் மெல்லிய பகுதியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் முண்டு விழும். தொடாமல் சீவினால் பட்டை வழவழப்பாக மீண்டும் வளரும். காயம் போட்டால் மண்டோரிடம் ஏச்சு வாங்க வேண்டும். கோடு எப்போதும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருக்கும். பால் குழாய்கள் பட்டைக்குள் அதற்கு எதிர்ப்புறமாகச் சற்றே சாய்ந்து செல்வதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இந்தக் காரணத்தை நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். கோட்டின் சாய்வைப் பாட்டி கையால் காற்றிலேயே போட்டுக் காட்டினார்.

பாட்டி பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம். கடைசி நிரையைத் தாண்டினால் காடு. முப்பது ஆண்டுகள் அதன் ஓரத்தில் பால் வெட்டியவர், ஒரு நாளும் அதற்குள் போனதில்லை என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. காரணம் கேட்டேன். "எங்கம்மா போகக்கூடாதுன்னுச்சு" என்றார், அவ்வளவுதான்.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேராமலிருக்க, வேலைக்குப் போகும் தொழிலாளர்களை வாசலிலேயே சோதித்தார்கள். பல இடங்களில் சோறு கொண்டு போகத் தடை. என் கொள்ளுப்பாட்டி வெறும் வயிற்றோடு பால் வெட்டப் போனாராம். காட்டோரம் நின்றால் ஒரு பக்கத்தாருக்குச் சந்தேகம், உள்ளே போனால் மறு பக்கத்தாருக்குச் சந்தேகம். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. பாட்டி உளி பிடித்ததும் அதே ஆண்டுதான். தடை நீங்கிவிட்டது, அம்மா சொன்ன சொல் நீங்கவில்லை.

வார இறுதியில் குடும்பத்தோடு மலையேறும் பழக்கம் நம்மவரிடம் குறைவு என்று வகுப்பில் ஒரு முறை கிண்டலாகப் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேச மாட்டேன்.

சென்ற விடுமுறையில் அந்தத் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். சுங்கை சிப்புட் வரை பேருந்து. பாட்டி இளமையில் தோட்டத்து முச்சந்தி வரை ஒரு பேருந்து ஓடியதாம். சம்பளம் போட்ட மறுநாள் அதில் நிற்க இடமிருக்காதாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து மக்கள் பட்டணங்களுக்குப் போனார்கள். ஏற ஆளில்லாத பேருந்தும் நின்றுபோனது. எஞ்சிய தூரத்தை மாமாவின் மோட்டார் சைக்கிளில் கடந்தேன். பேருந்து நிழற்குடையின் தூண்கள் மட்டும் லாலாங்கிற்குள் நின்றன. செம்பனையைத் தாண்டி ஓடைக்கரையில் நான்கைந்து ரப்பர் மரங்களைக் கண்டேன். பட்டை வழவழவென்றிருந்தது. ஒரு காயம்கூட இல்லை.

படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். தானே வெட்டிய மரம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு, "அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ. உள்ள என்னதான் இருக்குன்னு பாக்கணும்" என்றார்.

எழுபத்தொன்பது வயதுக்காரரை மோட்டார் சைக்கிளில் அத்தனை தூரம் ஏற்றிச் செல்ல அம்மா சம்மதிக்க மாட்டார். கிலேடாங்கிற்குப் போகலாம், அடிவாரத்தில் மரநிழல் உண்டு, மெதுவாக நடக்கலாம் என்றேன்.

"அங்க பஸ் போகுமா?"

"போகும் பாட்டி."

"திரும்பி வர்ற பஸ்சு எத்தன மணிக்கு?" என்றார்.