எதற்காகப் போனீங்க, தாத்தா?



இந்த மாதப் பாடத்தை ஒரு சம்பவத்தோடு தொடங்குவோம். நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு பாராட்டு விழா. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த ஒரு தாத்தாவுக்கு மாலை, பொன்னாடை எல்லாம் போட்டார்கள். பேசியவர்கள் அத்தனை பேரும் வீரம், தியாகம், தாய்நாடு என்று முழங்கினார்கள். கடைசியில் தாத்தாவிடம் ஒலிவாங்கியை நீட்டி, "எதற்காகப் படையில சேர்ந்தீங்க, தாத்தா?" என்று கேட்டார்கள்.

"சோத்துக்குத்தான்ப்பா போனேன்" என்றார் அவர்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. அறிவிப்பாளர் அவசரமாக ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, "தாத்தா தமாஷ் பண்றார்" என்றார். ஆனால் தாத்தாவின் முகத்தில் தமாஷ் எதுவும் இல்லை.

அப்படியென்றால் அவர் வீரர் இல்லையா? நாம் போட்ட மாலை தவறான ஆளுக்கா போய்ச் சேர்ந்தது? இதுதான் இன்றைய பாடத்தின் கேள்வி.

1. அன்றைய மலாயா

பதில் சொல்வதற்கு முன்னால் அந்தக் காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேரை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி, ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கைதிகளைக் கொண்டுதான் முதல் இந்திய தேசிய இராணுவம் உருவானது. அது சில மாதங்களிலேயே கலைந்துபோனது.

1943 ஜூலை 2-ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4-இல் கத்தே கட்டடத்தில் நடந்த கூட்டத்தில், ராஷ் பிகாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திர சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படை அணிவகுப்பு. அதற்குப் பிறகுதான் நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள். நேற்றுவரை பால்மரம் சீவியவர்கள்.

அப்போது தோட்டங்களில் என்ன நிலைமை? ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்விட்டது. வேலை இல்லை, சம்பளம் இல்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரை வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவே இல்லை. வீட்டில் இருந்தால் பசி, பிடித்துப் போனால் சயாம் காடு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் படை முகாமின் கதவு திறந்தது.

தாத்தா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

2. ஒரே முகாம், பல காரணங்கள்

அப்படியானால் எல்லாரும் பசிக்காகவே போனார்களா? அதுவும் உண்மை இல்லை.

சிலரை அனுப்பியது அவமானம். போருக்கு முன்பே, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைப் பார்த்தவனுக்கு, சீருடை போட்டு நிமிர்ந்து நிற்பதே ஒரு விடுதலையாகத் தோன்றியிருக்கும்.

சிலருக்கு இலட்சியம். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி, நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அப்பாவின் எதிர்ப்பையும் மீறி ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். ஈப்போவிலிருந்து ராசம்மா, இன்னும் இருபது வயதுகூட ஆகாத நிலையில் போனார். அந்தப் பெண்கள் படையை வழிநடத்தியவர் கேப்டன் லட்சுமி, சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

போர்க்கைதிச் சிப்பாய்களின் காரணங்கள் வேறு மாதிரி. நாட்டுப்பற்றால் சேர்ந்தவர்கள் உண்டு. தன் ஆட்களைக் காப்பாற்றச் சேர்ந்த அதிகாரிகளும் உண்டு, பயந்து சேர்ந்தவர்களும் உண்டு. சேர மாட்டேன் என்று மறுத்து நியூ கினிவரை கூலி வேலைக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. மறுத்தவர்களும் கோழைகள் இல்லை. முதலில் எடுத்த சத்தியத்தை மீறக்கூடாது என்று நினைத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

நகையைக் கொடுத்து வந்தவரும் சோற்றுக்கு வந்தவரும் ஒரே படையில் நின்றார்கள். குண்டு பாயும்போது அது யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

3. நம் இதிகாசங்கள் சொல்வது

போருக்குப் போவதற்கான காரணம் என்ற கேள்வி நமக்குப் புதிது இல்லை. கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டவர்கள் தன் தம்பிகள் என்று தெரிந்த பிறகும் துரியோதனன் பக்கமே நின்றான். செஞ்சோற்றுக் கடன்! கும்பகர்ணன் அண்ணன் செய்தது தவறு என்று அவனிடமே சொல்லிவிட்டு, அவனுக்காகவே போய் உயிரை விட்டான். இவர்கள் நின்ற பக்கம் தர்மத்தின் பக்கம் இல்லை. ஆனாலும் இவர்களை நாம் தூக்கி எறிவதில்லை. பட்டிமன்றம் வைத்து இன்றுவரை வாதாடுகிறோம்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு வீரனை மதிப்பது வேறு, அவன் நின்ற பக்கத்தை ஏற்றுக்கொள்வது வேறு. இரண்டையும் குழப்பக்கூடாது.

அர்ஜுனனையும் பாருங்கள். படைகளுக்கு நடுவே தேரை நிறுத்தச் சொல்லி, "எதற்காக இந்தப் போர்?" என்று கலங்கியவன் அவன். கண்ணன் 18 அத்தியாயம் பேசினார். முடிவில், எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்து நீயே முடிவு செய் என்று அவனிடமே விட்டார். கேள்வி கேட்பது கோழைத்தனம் என்றால் கீதையே பிறந்திருக்காது.

4. மாலை போடுகிறவர்கள் யார்?

இனி நம் பக்கம் வருவோம். மக்களின் பாராட்டு எப்படிப்பட்டது?

1944-இல் இம்பால் போரில் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு சேர்ந்து தோற்றது. மழை, நோய், பட்டினி எல்லாம் சேர்ந்து அடித்தது. 1945 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் தன் வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதைத் தகர்த்தார்கள். அதே ஆண்டு டில்லி செங்கோட்டையில் அதிகாரிகள் மூவர் மீது விசாரணை நடந்தபோது இந்தியாவே அவர்களுக்காகக் கொந்தளித்தது. ஆனால் சுதந்திரம் வந்த பிறகு, அந்தப் படையினரை இந்திய இராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரில் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்க 1995 ஆகிவிட்டது.

நேற்று மாலை, இன்று மறதி, நாளை மறுபடி மாலை. பாராட்டு காற்று மாதிரி திசை மாறும். அதை நம்பிப் படையில் சேருகிறவன் ஏமாந்துபோவான்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக்கூடாது. சிங்கப்பூர் கிராஞ்சியிலும் தைப்பிங் போர்க் கல்லறையிலும் பிரிட்டிஷ் படையில் இறந்த இந்தியர்களின் நினைவுகள் இருக்கின்றன. அவர்களும் சம்பளத்துக்கு, குடும்ப வழக்கத்துக்கு, கடமைக்கு என்று வந்த நம்மவர்களே. அவர்களுக்கு யார் மாலை போடுகிறோம்?

5. தாத்தா சொன்ன மிச்சக் கதை

விழாவுக்கு மறுநாள் நான் அந்தத் தாத்தா வீட்டுக்குப் போனேன். "நேத்து சொன்னது நிஜமா தாத்தா?" என்று கேட்டேன்.

"நிஜம்தான். வீட்ல ஆறு பேரு. நான் போனா ஒரு வாய் குறையும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பர்மாவிலேர்ந்து திரும்பி வர்றப்ப காய்ச்சல்ல கெடந்த ஒரு பையனத் தோள்ல போட்டு ரெண்டு நாள் நடந்தேன். அது சோத்துக்கு இல்ல. ஆனா அத யாரும் கேக்கல" என்றார்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: சேர்ந்த காரணம் ஒன்று, நின்ற காரணம் வேறு. நாம் மதிக்க வேண்டியது இரண்டாவதை. அது சீருடையில் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

இன்று படையில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளே, நிலையான சம்பளம், ஓய்வூதியம், சீருடை மேல் ஆசை, நாட்டுப்பற்று, எதுவாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். அதை உங்களுக்கு நீங்களே ஒளிக்காமல் சொல்லுங்கள். அம்மா பயந்தால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். சிங்கப்பூர்த் தம்பிகளுக்கு 1967 முதல் தேசிய சேவை சட்டப்படியான கடமை, அங்கே காரணத்தைத் தேர்ந்தெடுக்க இடமில்லை. ஆனால் பக்கத்தில் தடுமாறுகிறவனைத் தூக்கிவிடுவதா வேண்டாமா என்பது அங்கேயும் உங்கள் கையில்தான்.

சீருடையைக் கழற்றிய பிறகும் சேவை தொடரும். ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் மலேசிய நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினரானார். ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று போராடினார். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கி இல்லை.

கலந்துரையாடக் கேள்விகள்

1. "சோத்துக்குத்தான் போனேன்" என்று சொன்னவருக்கு நீங்கள் மாலை போடுவீர்களா? ஏன்?
2. கர்ணனின் கடன், ஜானகியின் இலட்சியம், இவற்றில் எது உயர்ந்தது? அல்லது அப்படி ஒப்பிடுவதே தவறா?
3. பிரிட்டிஷ் படையில் இறந்த இந்தியரையும், அதை எதிர்த்து இறந்த இந்தியரையும் ஒரே நாளில் நினைவுகூர முடியுமா?

செயல்பாடு: ஜூலை 31 மலேசியாவில் வீரர் தினம். அதற்குள் உங்கள் வட்டாரத்தில் படையிலோ காவல் துறையிலோ இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் போய்ப் பாருங்கள். மாலை வேண்டாம், மேடை வேண்டாம். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, "எதற்காகப் போனீங்க? எதற்காக நின்னீங்க?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அடுத்த வகுப்பில் வந்து சொல்லுங்கள்.