சோர்ந்தோர்க்குப் புதுப்பெலன்

7-ஆம் நூற்றாண்டில் பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன் சளுக்கிய மன்னன் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் மணிமங்கலமும் ஒன்றென்று கூரம் செப்பேடு கூறும். இக்காலத்தில் அவ்வூர் வேறொரு போராட்டத்தைக் காண்கிறது. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இராவேலை முடித்து, விடியற்காலையில் பேருந்தில் உறங்கியவாறே வீடு திரும்பும் வாலிபரை அங்கே காண்கிறோம். அவர்களுடைய பகைவன் சோர்வு. பரீட்சைக் காலத்தில் அப்பகைவன் நம்மையும் விடுவதில்லை.

சோர்வைப் பாவமென்று எண்ணுதல் தவறு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ்ச் சாவை விரும்பி வேண்டியபோது, ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டிலர். உறக்கமும், அடையும், தண்ணீரும் அருளினார். ஆதலின் சரீரத்திற்கு ஓய்வளித்தலும் பக்தியின் ஒரு பகுதியே.

எனினும், ஓய்வினால் தீராத சோர்வும் உண்டு. அது நம்பிக்கை குன்றுவதால் வருவது. பாபிலோனில் சிறையிருந்த யூதர் அடைந்தது அத்தகையதே. அவர்கட்கு ஆறுதல் கூறும் ஏசாயா ஆகமத்தின் 40-ஆம் அதிகாரம், கர்த்தருக்குக் காத்திருப்போர் கழுகெனப் பறப்பதை முன்னும், ஓடுவதை அடுத்தும், நடப்பதை இறுதியிலும் வைக்கிறது. இவ்வரிசை இறங்குவதுபோல் தோன்றினும், நாடோறும் தளராது நடப்பதே அரிதென்பதை அனுபவசாலிகள் அறிவர்.

ஆயின், நடக்கவே இயலாதார்க்கு இவ்வாக்குத்தத்தத்தால் யாது பயன்? வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வாழ்க்கை இதற்கு விடையளிக்கும். 1954-இல் மோட்டார் விபத்தொன்றில் முதுகெலும்பு சேதமுற்று, அவர்தம் கால்கள் செயலிழந்தன. ஸ்திரீகளுக்குரிய வைத்தியத்தில் தேர்ச்சிபெற வேண்டுமென்ற அவரது நோக்கமும் தகர்ந்தது. பின்னர் டாக்டர் பால் பிராண்டு துரையவர்கள் காட்டிய வழியில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு இரணசிகிச்சை செய்யப் பயின்றார். நியூயார்க் சென்று மேலும் கற்றுத் திரும்பி, ஊனமுற்றோர்க்கு மறுவாழ்வளிக்கும் தொண்டில் முன்னின்றார். அதற்கென வேலூரில் 1966-இல் ஒரு நிலையமும் திறக்கப்பெற்றது. 1972-இல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர்தம் கால்கள் மீண்டும் நடந்தில. ஆயினும் அவர்தம் ஊழியம் நின்றிலது.

இதனால் நாம் அறிவது யாதெனில், கேட்ட பெலன் கேட்டவாறே வராதிருக்கலாம். அன்றன்று செய்யவேண்டிய கடமைக்குப் போதுமான பெலன் அருளப்பெறும் என்பதே. மாணவ நண்பர்காள்! இன்றிரவு நமது பாரத்தை ஆண்டவரிடம் ஒப்புவித்து உறங்குவோம். காலையில் எழுந்து, நம்முன் உள்ள ஒரு கடமையைச் செய்வோம். பேருந்தில் சோர்ந்து நிற்கும் தொழிலாளியைக் கண்டால், எழுந்து இடங்கொடுப்போம். பெற்ற பெலன் பிறர்க்கு உதவும்போதே நம்மிடத்தில் நிலைக்கும்.