அபயதானமும் அடைக்கலம் நாடி வந்த மகளிரும்

இல்லறத்தார்க்குரிய அறங்களுள் தானம் தலையாயது. அது ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்கு வகைப்படும் என்பதைச் சிராவக சிராவகியர் அனைவரும் சிறு வயது முதலே கேட்டு வருகின்றனர். இவற்றுள் முதல் மூன்றும் நம் இல்லங்களில் வழுவாது நடைபெறுகின்றன. துறவியர்க்கு உணவளிக்கின்றோம், நோயுற்றார்க்கு மருந்துக்கு உதவுகின்றோம், அறநூல்களை அச்சிட்டு வழங்குகின்றோம். நான்காவதாகிய அபயதானத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எவ்வுயிரையும் கொல்லாதிருத்தலே அது" என்று விடை கூறி அமைகின்றோம். அவ்விடை பிழையன்று; ஆயினும் நிறைவுடையதன்று. கொல்லாதிருத்தல் நம் செயலை அடக்குவது. அபயம் அளித்தலோ அஞ்சி நிற்கும் உயிரிடம் சென்று அதன் அச்சத்தை நீக்குவது. இவ்வேறுபாட்டை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நூல்கள் கூறுவது

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜினசேன ஆசாரியர் தம் ஆதிபுராணத்தில் ஈகையை நான்காகப் பகுக்கின்றார். தக்க துறவியர்க்கு அளிப்பது பாத்திர தத்தி. இரக்கத்திற்குரிய உயிர்களுக்கு மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் தூய்மையோடு அபயம் அளிப்பது தயா தத்தி. தம்மை ஒத்த இல்லறத்தார்க்கு அளிப்பது சம தத்தி. குடும்பப் பொறுப்பையும் செல்வத்தையும் மகனிடம் ஒப்படைப்பது அன்வய தத்தி.

இப்பகுப்பால் ஓர் ஐயம் தீர்கின்றது. "அவர்கள் நம் சமயத்தார் அல்லர், ஊன் உண்பவர், தானம் பெறத் தக்க பாத்திரம் ஆவரோ?" என்று சிலர் வினவுவதுண்டு. பாத்திரத்தின் தகுதியை ஆராய்தல் பாத்திர தத்திக்கு உரியது. தயா தத்திக்கு அவ்வாராய்ச்சி வேண்டுவதில்லை. அங்கே ஏற்போரிடம் காண வேண்டியது ஒன்றே: அவர் துன்புறுகின்றாரா, அஞ்சுகின்றாரா என்பது. ஓரறிவுயிர்க்கும் இரங்கும் நாம், அடைக்கலம் நாடி வந்த ஒரு தாயிடம் அவள் உண்ணும் உணவை வினவி நிற்றல் பொருந்தாது.

நம் முன்னோர் இதனை ஏட்டளவில் நிறுத்தவில்லை. அஞ்சி வந்தார்க்குக் காவல் அளிக்கும் இடங்கள் தமிழகத்தில் இருந்தன. கல்வெட்டுகள் அவற்றை 'அஞ்சினான் புகலிடம்' என்று குறிக்கின்றன. திருக்கோயிலூரை அடுத்த ஜம்பைப் பகுதியில் அத்தகைய புகலிடம் இருந்தமை கல்வெட்டால் தெரிகின்றது. அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி தமது 'சமணமும் தமிழும்' நூலில் இப்புகலிடங்களைச் சமணரின் அபயதானத்தோடு இணைத்து விளக்குகின்றார். 'அஞ்சினான்' என்னும் சொல்லில் குலமும் இல்லை, சமயமும் இல்லை. அச்சம் ஒன்றே புகலிடத்தின் வாயிலைத் திறந்தது.

இன்று அஞ்சி வந்தோர்

1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த வன்செயலை அடுத்துத் தமிழர் கடல் கடந்து இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினர். 1983 முதல் 2012 வரை வந்தோர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டவர். பலர் பின்னர்த் தாயகம் திரும்பினர். 2009இல் போர் முடிந்த பின்னரும் எஞ்சியோர் பலராவர். தமிழக அரசு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி 108 முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். முகாம்களுக்கு வெளியே பதிவு பெற்று வாழ்ந்தோர் ஏறத்தாழ 34,000 பேர். நம் குடும்பங்கள் செறிந்து வாழும் வட மாவட்டங்களிலும் முகாம்கள் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டும், வேலூர் மாவட்டத்து மேல்மொணவூரும் நமக்கு எட்டாத ஊர்கள் அல்ல.

அரசு செய்தவற்றையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். 2021இல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்டது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவர்க்கு 1,500 ரூபாய், ஏனைய பெரியவர்க்கு 1,000 ரூபாய், சிறார்க்கு 500 ரூபாய் என உயர்த்தப்பட்டது. சிதைந்த குடியிருப்புகளுக்கு மாற்றாக 7,469 வீடுகள் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எனினும் கூரை அமைந்தவுடன் அச்சம் முழுதும் அகல்வதில்லை. அதன் காரணத்தை அடுத்துக் காண்போம்.

மகளிர்க்கு நேரும் தனித் துன்பம்

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, இனம், சமயம், நாட்டினம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தின் பொருட்டுத் துன்புறுத்தப்படும் அச்சத்தையே அடைக்கலத்திற்குக் காரணமாகக் கூறுகின்றது. பெண் என்பதனாலேயே நேரும் கொடுமையை அது தனியே பெயர் சுட்டவில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் 1991இல் அகதி மகளிரின் பாதுகாப்புக்கென நெறிமுறைகள் வெளியிட்டது. 1993இல் கனடா, அடைக்கலம் கோரும் மகளிரின் முறையீடுகளை ஆராயத் தனி நெறிமுறை வகுத்தது. இந்தியா இவ்வுடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை.

குடியுரிமையிலும் இடர் உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடியுரிமை உடையவர். அந்நாள் முதல் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அவ்விதி மேலும் கடுமையாயிற்று. ஆதலின் முகாமில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் பயின்று, பட்டமும் பெற்ற ஒரு பெண், தான் ஒருபோதும் கண்டிராத நாட்டின் குடிமகளாகவே எண்ணப்படுகின்றாள். அரசுப் பணி அவளுக்குக் கிட்டுவதில்லை. கணவனை இழந்தவளாயின் குடும்பச் சுமை முழுவதும் அவள் தோளில் ஏறுகின்றது. சான்றிதழ் ஒன்று காணாமற் போயினும் அவள் பிள்ளைகளின் வழி அடைபட்டுவிடும்.

ஈயும் முறை

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், விதி, திரவியம், தாதா, பாத்திரம் ஆகிய நான்கின் சிறப்பால் தானம் சிறப்புறும் என்று கூறுகின்றது. இதனை அளவுகோலாகக் கொண்டு நம் கடமையை ஆராய்வோம்.

விதி: முகாமுக்குள் செல்லுமுன் மாவட்ட வருவாய்த்துறை அலுவலரிடம் இசைவு பெறுதல் முறை. அங்குள்ள மகளிர் குழுவினரைக் கலந்து, அவர்கள் வேண்டுவது யாது எனக் கேட்டறிதல் வேண்டும். மகளிரிடம் பேசச் சிராவகியரே செல்லுதல் நன்று. வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தலும், அவர்கள் பட்ட துன்பத்தைத் தூண்டிக் கேட்டலும் அபயம் ஆகா. அவை நாணத்தையும் அச்சத்தையும் வளர்ப்பன.

திரவியம்: நாம் உடுத்துக் கழித்த புடவைகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தல் எளிது. அவர்களுக்குப் பெரிதும் வேண்டுவன வேறு: மகளிர்க்குரிய தூய்மைத் துணிகள், பெண் மருத்துவரின் ஆலோசனை, இரவில் அஞ்சாது சென்று வர விளக்கும் தாழ்ப்பாளும் உடைய கழிப்பறை, பெண் மக்களின் கல்லூரிக் கட்டணம், பிறப்புச் சான்று முதலியவற்றைப் பெறுவதில் வழக்கறிஞரின் துணை. தையல் இயந்திரம் கொடுப்போர் தைப்பதற்கு வேலையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். இன்றேல் அது மூலையில் கிடக்கும். நம் இல்ல விழாக்களுக்கு வேண்டும் துணிப்பைகளைத் தைக்கும் பணியை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

தாதா: ஈவோன் செருக்கும், கைம்மாறு கருதும் எண்ணமும், சமயம் பரப்பும் நோக்கமும் இல்லாதவனாதல் வேண்டும்.

பாத்திரம்: ஏற்போர் என்றும் ஏற்போராகவே இருப்பர் எனக் கருதலாகாது. 1984இல் எசு. சி. சந்திரகாசன் அவர்களால் தொடங்கப்பெற்ற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் ஏதிலியரே தம்மவர்க்குத் தொண்டாற்றி வந்துள்ளனர். அவர்களுடைய ஆற்றலுக்குத் துணை நிற்பதே நம் பணி.

அணுவிரதமும் கூலியும்

இறுதியாக நம் அகத்தை நோக்குவோம். முகாம் மகளிர் பலர் கூலி வேலையால் வாழ்கின்றனர். கேட்பார் இல்லை என்னும் துணிவில் அவர்களுக்குக் குறைந்த கூலி தருவாரும் உளர். அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களாக நூல்கள் கூறுவன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். ஒத்த வேலைக்குக் குறைந்த கூலி தருதல், அவள் பிள்ளைகளின் உணவைத் தடுத்தலன்றோ? ஆற்றலுக்கு மீறி வேலை வாங்குதல் மிகுபாரம் ஏற்றலன்றோ? நிலமும் ஆலையும் கடையும் உடைய நம் குடும்பங்கள் இதனை உள்ளத்தில் கொள்ள வேண்டும். கூலியில் குறைத்துப் பண்டிகை நாளில் புடவையாகத் திருப்பித் தருவது தானம் ஆகாது; அவளுக்குரியதை அவளுக்கே பிச்சையாக இடுவதாகும். முதலில் நேர்மையான கூலி. அதன் பின்னரே தானம்.

பொருள் மிகுதியாக உடையார்தாம் இவ்வறம் செய்ய இயலும் என்பதில்லை. ஊருக்கு ஒரு சிராவகியர் குழு, அண்மையிலுள்ள முகாமில் ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பை ஏற்றுக்கொள்ளினும் ஒரு குடும்பத்தின் அச்சம் குறையும். எவ்வுயிரும் அச்சம் நீங்கி வாழ்க என்று நாள்தோறும் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் நம் ஊர் எல்லையிலுள்ள முகாம் வரையிலேனும் நடந்து செல்லுதல் வேண்டும்.

சிந்தனைக்கு:

1. கொல்லாதிருத்தலுக்கும் அபயம் அளித்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. தயா தத்தியில் ஏற்போரின் சமயத்தை ஆராய்தல் ஏன் வேண்டா?

3. நம் இல்லத்திலும் நிலத்திலும் பணி செய்வோர்க்கு நாம் தரும் கூலி, அணுவிரதத்தின் அதிசாரங்களுக்கு இடம் தராதுள்ளதா?